கானிமீடின் கருப்புத் திட்டு நிஜமா, சாஃப்ட்வேர் பூசிய மையா? வீட்டு டெலஸ்கோப் படங்கள் உருவாகும் விதம்

வியாழன் கோளின் படம் ஒன்று எப்போதாவது உங்கள் டைம்லைனில் வந்திருக்கும். ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டைகள், ஓரத்தில் பெரிய சிவப்புப் புள்ளி, பக்கத்தில் குட்டியாக ஒரு நிலவு. ஜூம் செய்தால் அந்தக் குட்டி நிலவின் மேலேயே ஒரு கருப்புத் திட்டு தெரியும். நாசா படம்தான் என்று நினைத்து ஸ்க்ரோல் செய்து போயிருப்பீர்கள். ஆனால் கீழே சின்ன எழுத்தில் பார்த்தால், யாரோ ஒருவர் தன் வீட்டுத் தோட்டத்தில் 11 அங்குல டெலஸ்கோப் வைத்து எடுத்தது என்று போட்டிருக்கும்.

உடனே வரும் சந்தேகம், "இதெல்லாம் எப்படிங்க முடியும்? ஏஐ போட்டு வரைஞ்சதா?"

சந்தேகம் நியாயமானதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் வலுக்கும். அந்த நிலவின் பெயர் கானிமீடு. குறுக்களவு 5,268 கி.மீ. சூரியக் குடும்பத்தில் உள்ள நிலவுகளிலேயே பெரியது, புதன் கோளைவிடவும் பெரியது. ஆனால் வியாழன் நமக்குக் கிட்டே வரும் காலத்திலும் அது சுமார் 63 கோடி கி.மீ. தள்ளி இருக்கிறது. அவ்வளவு தூரத்தில் கானிமீடு எவ்வளவு பெரிதாகத் தெரியும்? ஒரு பத்து ரூபாய் நாணயத்தை 3 கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான தூரத்தில் நிறுத்தி வைத்துப் பாருங்கள். அவ்வளவுதான். 11 அங்குல, அதாவது 28 செ.மீ. டெலஸ்கோப்பால் பிரித்துக் காட்ட முடிந்த மிகச் சிறிய அளவை ஒரு கட்டம் என்று வைத்துக்கொண்டால், கானிமீடின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நான்கு கட்டங்கள்தான் வரும்.

நாலு கட்டத்துக்குள் ஒரு நிலவின் முகம். அதில் ஒரு கருப்புத் திட்டு. அது உண்மையாக இருக்கலாம். அப்படியே அச்சு அசலாக ஒரு பொய்யாகவும் இருக்கலாம். படத்தைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது, அது உருவான வழியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

காற்றுதான் வில்லன்

மதிய வெயிலில் தார் ரோட்டைப் பார்த்திருப்பீர்கள். தூரத்தில் வரும் பஸ் நெளிந்து நெளிந்து தெரியும். சூடான காற்றும் கொஞ்சம் சூடு குறைந்த காற்றும் கலந்து ஓடும்போது ஒளியை ஆளுக்கொரு பக்கம் வளைப்பதால் வரும் விளைவு அது. ராத்திரி வானத்திலும் இதேதான் நடக்கிறது, அளவுதான் குறைவு. நட்சத்திரம் மினுக்குவது காற்று செய்யும் வேலை, நட்சத்திரம் செய்வதல்ல.

வெறும் கண்ணுக்கு அந்த மினுக்கல் அழகு. டெலஸ்கோப் வழியாக 300 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது அதுவே தலைவலி. கொதிக்கும் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசு மாதிரி வியாழன் ஆடும். இந்தத் துறையில் இருப்பவர்கள் இதை 'சீயிங்' என்பார்கள். "இன்னைக்கு சீயிங் எப்படி?" என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. வானம் தெளிவாக இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்விதான். மேகமே இல்லாத, நட்சத்திரம் பளபளக்கிற ராத்திரி கோள்களைப் படம் எடுக்க மோசமான ராத்திரியாக இருக்கலாம். லேசாக மூடுபனி படிந்த, காற்றசையாத ராத்திரி பிரமாதமாக அமையலாம்.

இந்த ஆட்டத்தில் ஒரு நல்ல விஷயம் உண்டு. காற்று எல்லா நேரமும் ஒரே மாதிரி கெடுப்பதில்லை. நூறில் ஒரு பங்கு நொடி, அதற்கும் குறைவான நேரத்துக்கு அது நின்றுபோனது போல அமைதியாகும். அந்தக் கணத்தில் மட்டும் கேமரா கண் திறந்திருந்தால் போதும். அப்படிப்பட்ட நல்ல படம் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்று 1978-ல் டேவிட் ஃப்ரைட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் கணக்கிட்டு ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். அதில் அவர் பயன்படுத்திய 'லக்கி' என்ற சொல்லே இந்த முறைக்குப் பெயராகிவிட்டது: லக்கி இமேஜிங்.

கேட்க லாட்டரி மாதிரி இருக்கும். ஆனால் எத்தனை டிக்கெட் வேண்டுமானாலும் வாங்கலாம், காசு கிடையாது என்றால் அது லாட்டரி அல்லவே! படத்துக்குப் பதில் வீடியோ எடுத்துவிட்டால் போதும். 2000-களின் தொடக்கத்தில் அமெச்சூர்கள் இதற்குப் பயன்படுத்தியது வீடியோ சாட்டுக்காக விற்ற சாதாரண வெப்கேம். லென்ஸைக் கழற்றிவிட்டு டெலஸ்கோப்பில் செருகிவிடுவார்கள். அதுவரை பெரிய ஆய்வகங்கள் ஃபிலிமில் எடுத்த கோள் படங்களை இந்த வெப்கேம்கள் ஓரங்கட்டின. இன்று அந்த வேலையைச் செய்ய நொடிக்கு 100, 200 ஃப்ரேம் எடுக்கும் தனி கேமராக்கள் வந்துவிட்டன.

21,600 படங்களில் ஒரு படம்

நொடிக்கு 120 ஃப்ரேம், 3 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 21,600 படங்கள். இதில் பெரும்பாலானவை தண்டம். ஒவ்வொன்றையும் உட்கார்ந்து பார்க்க யாராலும் முடியாது. அதற்குத்தான் நெதர்லாந்தைச் சேர்ந்த எமில் க்ராய்காம்ப் உருவாக்கிய ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற மென்பொருள். இலவசம். உலகில் இன்று வரும் நல்ல அமெச்சூர் கோள் படங்களில் கணிசமானவை இதன் வழியாகத்தான் வருகின்றன.

அது செய்வது இதுதான். ஒவ்வொரு ஃப்ரேமிலும் விவரங்கள் எவ்வளவு தெளிவாக இருக்கின்றன என்று அளந்து மார்க் போடும். பிறகு ரேங்க் லிஸ்ட் மாதிரி வரிசைப்படுத்தும். மேலே உள்ள 20 சதவீதத்தை மட்டும் எடு என்றால் எடுத்துக்கொள்ளும். அதோடு நிற்பதில்லை. ஒரு ஃப்ரேமில் வியாழனின் வடபகுதி தெளிவாகவும் தென்பகுதி கலங்கியும் இருக்கலாம். அதனால் கோளின் மேல் சின்னச் சின்னப் பெட்டிகளாகப் போட்டு, ஒவ்வொரு பெட்டிக்கும் எந்த ஃப்ரேம் சிறந்தது என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து, நெளிவை நேர்செய்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும். இந்த அடுக்குதல்தான் ஸ்டாக்கிங்.

எதற்கு அடுக்க வேண்டும், இருப்பதிலேயே சிறந்த ஒரே ஒரு ஃப்ரேமை எடுத்துக்கொண்டால் ஆகாதா? ஆகாது. சில மில்லிநொடி மட்டும் திறந்த கேமராவுக்குக் கிடைக்கும் ஒளி கொஞ்சம். அதனால் தனி ஃப்ரேமில் மணல் தூவியது போலப் புள்ளிகள் இருக்கும். இந்த மணல் ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேறு வேறு இடத்தில் விழும். வியாழனின் பட்டையோ எல்லா ஃப்ரேமிலும் ஒரே இடத்தில் இருக்கும். சராசரி எடுக்கும்போது பட்டை நிற்கும், மணல் கரையும். 100 ஃப்ரேமை அடுக்கினால் மணல் பத்தில் ஒரு பங்காகும், 2,500 அடுக்கினால் ஐம்பதில் ஒரு பங்காகும். நான்கு மடங்கு அடுக்கினால் இரண்டு மடங்கு சுத்தம், அதுதான் விகிதம்.

அதற்காக ராத்திரி முழுக்க வீடியோ எடுத்து அடுக்கிவிடவும் முடியாது. வியாழன் தன்னைத்தானே சுற்ற 10 மணி நேரம்கூட எடுத்துக்கொள்வதில்லை. அதன் நடுக்கோட்டில் உள்ள ஒரு மேகம் 2 நிமிடத்தில் சுமார் 1,500 கி.மீ. நகர்ந்துவிடும். அது டெலஸ்கோப்புக்கே தெரியும். மூன்று நிமிடத்துக்கு மேல் போனால் படம் இழுபட்டது போலாகும்.

இவ்வளவும் முடிந்தபின் வரும் படத்தைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். சத்தம் இல்லை, ஆனால் பழைய கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல மங்கல். முதல் தடவை பார்ப்பவர்கள் "இதுக்கா இவ்வளவு?" என்பார்கள். சமூக வலைதளத்தில் வரும் படம் அதற்கு அடுத்த கட்டத்தில் பிறக்கிறது. பொய்யும் அங்கேதான் பிறக்கிறது.

சல்லடை

அடுத்த கட்டம் கூர்மையாக்குதல். பல ஆண்டுகளாக இதற்குப் பேர்போன மென்பொருள் ரெஜிஸ்டாக்ஸ். அதில் 'வேவ்லெட்' என்று ஆறு ஸ்லைடர்கள் இருக்கும். மாவு, ரவை, குருணை என்று கண் அளவு மாறும் சல்லடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துச் சலிப்பது போல, படத்தை மிக நுணுக்கமான விவரம், அதைவிடக் கொஞ்சம் பெரிய விவரம், இன்னும் பெரியது என்று தனித்தனி அடுக்காக அது பிரித்துவிடும். பிறகு எந்த அடுக்கை எவ்வளவு தூக்கிக் காட்ட வேண்டுமோ அந்த ஸ்லைடரை நகர்த்தலாம். நகர்த்த நகர்த்த, மங்கலுக்குள்ளிருந்து பட்டைகளும் சுழல்களும் எழுந்து வரும். மேஜிக் மாதிரிதான் இருக்கும்.

ஆனால் மேஜிக் இல்லை. டெலஸ்கோப்பும் காற்றும் நுண் விவரங்களை அழித்துவிடவில்லை, அமுக்கி வைத்திருக்கின்றன. நூறு ரூபாய்க்கு இருக்க வேண்டிய வேறுபாடு ஐந்து ரூபாயாகப் பதிவாகியிருக்கிறது. அதை இருபதால் பெருக்கித் திருப்பித் தருகிறோம். மணல் ஏற்கெனவே போய்விட்டதால் அந்த ஐந்து ரூபாய் தெளிவாக நிற்கிறது. ஸ்டாக்கிங் ஏன் முதலில் வர வேண்டும் என்பது இப்போது புரிந்திருக்கும்.

இதற்கு ஒரு புகழ்பெற்ற முன்னோடி உண்டு. 1990-ல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி மேலே போனபின்தான் அதன் கண்ணாடி தவறாகத் தேய்க்கப்பட்டிருப்பது தெரிந்தது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்ச் சரிசெய்யும்வரை விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. எந்த வகையில் படம் கலங்குகிறது என்று துல்லியமாகத் தெரிந்ததால், கணக்குப் போட்டு அந்தக் கலங்கலைத் திருப்பி எடுத்தார்கள். இதற்கு 'டீகன்வல்யூஷன்' என்று பெயர். அப்போது பயன்பட்ட முக்கியமான முறை ஒன்று 1972-லும் 1974-லும் ரிச்சர்ட்சன், லூசி என்ற இருவர் தனித்தனியாகக் கண்டுபிடித்தது. அதே முறை இன்று வீட்டு லேப்டாப்பில் ஓடுகிறது.

ஒரு எல்லைக்கு அப்புறம் கதை மாறுகிறது. டெலஸ்கோப்பின் விட்டம் அனுமதிக்கும் அளவைவிடச் சிறிய விவரம் ஐந்து ரூபாயாகக்கூடப் பதிவாகியிருக்காது. பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தை இருபதால் பெருக்கினால் என்ன வரும்? ஆனாலும் ஸ்லைடரைத் தள்ளினால் திரையில் ஏதோ ஒன்று வரும். அது மிச்சமிருந்த மணல். அல்லது, ஓரத்தின் எதிரொலி.

எதிரொலி என்றால்? வெளிச்சமான இடமும் இருட்டான இடமும் சட்டென்று சந்திக்கும் எல்லையில், கூர்மையாக்கும் கணக்கு கொஞ்சம் அத்துமீறும். வெளிச்சத்தை இன்னும் வெளிச்சமாகவும் இருட்டை இன்னும் இருட்டாகவும் ஆக்கி, அந்த எல்லைக்கு இணையாக ஒரு போலிக் கோட்டையும் வரைந்துவிடும். செவ்வாய் கோள் படங்களில் பளீரென்ற ஓரத்தை ஒட்டி உள்ளே ஒரு மெல்லிய வளையம் தெரிவதைப் பார்க்கலாம். அது செவ்வாயில் இல்லை. சனி வளையத்தின் வெளி ஓரத்தில் கன்னாபின்னாவென்று தெளிவாக ஒரு கருங்கோடு தெரிந்தாலும் இதே சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

பெரிய கோளில் இந்த எதிரொலி ஓரத்தோடு போய்விடும், நடுப்பகுதி தப்பிக்கும். கானிமீடு மாதிரி நாலு கட்ட உருண்டையில் ஓரம் தவிர வேறு என்ன இருக்கிறது? சுற்றிலும் உள்ள ஓரத்திலிருந்து கிளம்பும் எதிரொலிகள் நடுவில் சந்தித்துக்கொள்ளும். விளைவு: அழகான ஒரு கருப்புப் புள்ளி. போதாக்குறைக்கு ஒளியே டெலஸ்கோப்பின் வட்ட வாயில் வழியாக வரும்போது ஒவ்வொரு சிறு புள்ளியையும் சுற்றி மெல்லிய வளையங்களை உண்டாக்கும். அதையும் சேர்த்துக் கூர்மையாக்கினால், பள்ளம் மேடு எல்லாம் உள்ள நிலவு ஒன்று தயார்.

மனித மூளையே இந்த வேலையைச் செய்த காலம் ஒன்று இருந்தது. 1877-ல் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி செவ்வாயில் நேர்கோடுகளைப் பார்த்து வரைந்தார். அமெரிக்காவின் பெர்சிவல் லோவல் 1894-ல் ஃபிளாக்ஸ்டாஃபில் ஆய்வகமே கட்டி, அவை செவ்வாய்வாசிகள் வெட்டிய கால்வாய்கள் என்று புத்தகம் எழுதினார். 1909-ல் பாரிஸ் அருகே உள்ள மியூடான் ஆய்வகத்தின் 83 செ.மீ. தொலைநோக்கியில் அன்டோனியாடி பார்த்தபோது கோடுகள் உதிர்ந்து, ஒழுங்கில்லாத திட்டுகளாக நின்றன. மங்கலான புள்ளிகளைக் கோடாக இணைத்தது கண்ணும் மூளையும்தான். இன்று அந்தப் பொறுப்பை ஸ்லைடரிடம் ஒப்படைத்திருக்கிறோம்.

அப்போ கானிமீடு படம் எல்லாம் பொய்யா?

இல்லை. 2012-ல் கிரேக்க நாட்டு அமெச்சூர் வானியலாளர் எம்மனூவில் கர்டாசிஸ், ஐரோப்பிய கோள் அறிவியல் மாநாட்டில் ஒரு வரைபடத்தை வெளியிட்டார். கானிமீடின் வெளிச்சப் பகுதிகளும் இருண்ட பகுதிகளும் எங்கெங்கே உள்ளன என்று காட்டும் வரைபடம். 11 அங்குல டெலஸ்கோப், வீடியோ கேமரா, இலவச மென்பொருள்கள், நிறைய பொறுமை: இவ்வளவுதான் கருவிகள். விண்கலங்கள் கிட்டே போய் எடுத்த வரைபடத்தோடு ஒப்பிட்டபோது, பெரிய பகுதிகள் பொருந்தின.

பொருந்தியதா என்று பார்க்க முடிந்தது என்பதுதான் இங்கே முக்கியம். நம் நிலா பூமிக்கு ஒரே முகத்தைக் காட்டுவது போல, கானிமீடும் வியாழனுக்கு ஒரே முகத்தைத்தான் காட்டும். 7 நாளும் கிட்டத்தட்ட 4 மணி நேரமும் ஒரு சுற்று. ஆகவே அது சுற்றுப்பாதையில் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால், நம் பக்கம் திரும்பியிருக்கும் முகம் எது என்று கணக்கிடலாம். ஜெர்மனியைச் சேர்ந்த கிரிஷா ஹான் எழுதிய வின்ஜூபோஸ் என்ற இலவச மென்பொருளில் தேதியும் நேரமும் கொடுத்தால் அதைச் சொல்லிவிடும். 'கலிலியோ ரீஜியோ' என்ற 3,000 கி.மீ.க்கு மேல் அகலமுள்ள இருண்ட நிலப்பகுதி அன்று இடப்பக்கம் இருக்க வேண்டும் என்றால், உங்கள் படத்தில் கருப்புத் திட்டு இடப்பக்கம் இருக்கிறதா? இருந்தால் மகிழ்ச்சி. நட்ட நடுவில், நெற்றிப்பொட்டு மாதிரி வட்டமாக உட்கார்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

இன்னொரு சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. அதே வீடியோவில் பக்கத்தில் அயோவோ யூரோப்பாவோ இருந்தால், ஸ்லைடரை ஒரு இழை கூட மாற்றாமல் அதையும் பாருங்கள். அதற்கும் அதே இடத்தில் அதே பொட்டு இருக்கிறதா? அப்படியென்றால் பொட்டு வைத்தது உங்கள் மென்பொருள். கேமராவைக் கொஞ்சம் திருப்பி வைத்து இன்னொரு வீடியோ எடுக்கலாம், பத்து நிமிடம் கழித்து மறுபடியும் எடுக்கலாம், அதே ராத்திரி வேறு ஊரில் எடுத்தவரின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். எல்லாவற்றிலும் தப்பி நிற்கும் திட்டைத்தான் நிலவில் இருப்பதாகச் சொல்ல முடியும்.

கானிமீடு விஷயத்தில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பழைய பங்கு உண்டு. 1972 ஜூன் 7 அன்று கானிமீடு ஒரு நட்சத்திரத்தைக் கடந்து மறைத்தது. காவலூர் ஆய்வகத்திலிருந்தும் இந்தோனேசியாவின் ஜாவாவிலிருந்தும் அதைக் கவனித்த இந்திய, பிரிட்டிஷ், அமெரிக்க வானியலாளர்கள், நட்சத்திர ஒளி மறைந்த விதத்தை வைத்து கானிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருப்பதாக அறிவித்தார்கள். 1979-ல் வாயேஜர் 1 அளந்தபோது அவர்கள் சொன்னதைவிட மிக மிகக் குறைவாகத்தான் இருக்க முடியும் என்று தெரிந்தது. 1990-களில் ஹபிள் பார்த்தபோது கொஞ்சூண்டு ஆக்ஸிஜன் கிடைத்தது. தொழில்முறை விஞ்ஞானிகளுக்கே ஒரு சிறு உருண்டையின் விளிம்பைப் படிக்க இத்தனை சுற்று தேவைப்பட்டது.

நிலவு தனி, கோள் தனி

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இது. வியாழன் சுழல்வதால் 3 நிமிடத்துக்கு மேல் எடுக்க முடியாது என்று பார்த்தோம். வின்ஜூபோஸ் அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறது. ஒவ்வொரு படத்தையும் ஒரு உருண்டையின் மேல் ஒட்டி, அந்த உருண்டையைப் பின்னோக்கிச் சுழற்றி எல்லாவற்றையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவந்துவிடும். 'டீரொட்டேஷன்' என்பார்கள். அரைமணி நேர வீடியோக்களைக்கூட இப்படி ஒன்றாக்கலாம்.

கோளின் மேல் உள்ள மேகங்களுக்கு இது சரி. ஆனால் முன்னால் கடந்துபோகும் நிலவு அந்த உருண்டையோடு ஒட்டியில்லை. அது தன் வழியில் தன் வேகத்தில் போகிறது. அதன் நிழலும் அப்படித்தான். டீரொட்டேஷன் செய்தால் மேகங்கள் தெளிவாகும், நிலவும் நிழலும் சாக்பீஸ் கோடு மாதிரி இழுபடும். அதனால் நிலவை மட்டும் ஒரே வீடியோவிலிருந்து தனியாக அடுக்கி, அதற்கு வேறு அளவில் கூர்மை கொடுத்து, பிறகு கோளின் படத்தில் கொண்டுவந்து வைப்பார்கள். கோளின் வெளிச்சத்துக்கு ஏற்ற அளவு கலிஸ்டோ போன்ற மங்கலான நிலவுக்குச் சரிவராது என்பதும் ஒரு காரணம்.

இது ஏமாற்று வேலையா? இல்லை என்பது என் கருத்து. சரியான நேரத்துக்குரிய சரியான இடத்தில் வைத்து, "நிலவைத் தனியாக ப்ராசஸ் செய்து சேர்த்திருக்கிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் பிரச்சினை இல்லை. நல்ல அமெச்சூர்கள் தேதி, உலக நேரம், டெலஸ்கோப், ஃபில்டர் எல்லாவற்றையும் படத்தின் ஓரத்திலேயே எழுதுவார்கள். அந்த வரி இல்லாத படத்தை வால்பேப்பராக வைத்துக்கொள்ளலாம். ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது.

யாருக்கு இது முக்கியம்?

நாசாவுக்கு. நிஜமாகத்தான். 2009 ஜூலை 19 அன்று ஆஸ்திரேலியாவில் கான்பெராவுக்குப் பக்கத்தில் உள்ள முரம்பேட்மன் என்ற சிற்றூரில் ஆன்டனி வெஸ்லி தன் 14.5 அங்குல டெலஸ்கோப்பில் வியாழனை எடுத்துக்கொண்டிருந்தார். தென்துருவத்துக்குப் பக்கத்தில் ஒரு கரும்புள்ளி. முதலில் துருவப் புயல் என்று நினைத்தார். ஆனால் எல்லா நிறத்திலும் கருப்பாக இருந்தது. நிலவின் நிழலா? இடம் தப்பு, அளவும் தப்பு, நகர்வதும் மெதுவாக. இரண்டு நாள் முன்பு தானே எடுத்த படத்தில் அதே இடத்தைப் பார்த்தார். ஒன்றுமில்லை.

ஏதோ ஒன்று வியாழனில் மோதியிருக்கிறது! ஷூமேக்கர்-லெவி 9 வால்நட்சத்திரம் வியாழனில் விழுந்து சரியாக 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. வெஸ்லி தகவல் அனுப்ப, நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைச் சேர்ந்த க்ளென் ஆர்ட்டன் குழு ஹவாயில் உள்ள அகச்சிவப்புத் தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பி உறுதி செய்தது. அப்போது சோதனையில் இருந்த ஹபிளின் புதிய கேமராவும் ஜூலை 23 அன்று அதைப் படம் எடுத்தது.

பெரிய தொலைநோக்கிகளுக்கு ஒவ்வொரு ராத்திரியும் வேறு வேறு வேலை. வியாழனை விடாமல் பார்த்துக்கொண்டிருப்பது வெஸ்லி மாதிரி ஆட்கள்தான். 2006 பிப்ரவரியில் வியாழனின் இன்னொரு வெள்ளைப் புயல் சிவப்பாக மாறியிருப்பதைக் கவனித்தவர் பிலிப்பைன்ஸின் செபு நகரைச் சேர்ந்த கிறிஸ்டோபர் கோ. யோசித்துப் பாருங்கள்: இஷ்டத்துக்கு சாச்சுரேஷன் ஏற்றுகிற பழக்கம் உள்ளவர் "சிவப்பா மாறிடுச்சு" என்று சொல்லியிருந்தால் யார் நம்புவார்கள்? மாதக்கணக்கில் ஒரே மாதிரி ப்ராசஸ் செய்துவந்தவர் சொன்னால்தான் அதற்கு மதிப்பு.

ஸ்டாக்கிங்குக்கு எதிரான ஒரு ட்விஸ்டும் இருக்கிறது. 2010 ஜூன் 3 அன்று வெஸ்லியின் வீடியோவில் வியாழன் மேல் ஒரு ஒளி, சுமார் 2 நொடி, மின்னி மறைந்தது. சுமார் 10 மீட்டர் அளவுள்ள ஒரு பாறை எரிந்து போன ஒளி அது. அதே நேரத்தில் செபுவில் கோ எடுத்துவைத்திருந்த வீடியோவிலும் அது இருந்தது. மென்பொருள் கோளாறு இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் 3 நிமிட வீடியோவை அடுக்கினால் 2 நொடி மின்னல் சராசரியில் கரைந்துவிடும். மணலைக் கரைக்கும் அதே கணக்கு இதையும் கரைக்கும். ஆகவே அடுக்கிவிட்டு மூல வீடியோவை அழித்தவர்கள், கையில் இருந்த கண்டுபிடிப்பைத் தெரியாமலே டெலீட் செய்திருக்கலாம்.

2016 மார்ச் 17 நடந்தது அதற்கு உதாரணம். ஆஸ்திரியாவைச் சேர்ந்த கெரிட் கெர்ன்பவர் அன்று எடுத்த வீடியோவில் சீயிங் சுமார்தான். ப்ராசஸ் செய்ய மனமில்லாமல் கிடப்பில் போட்டுவிட்டார். பத்து நாள் கழித்துப் போட்டுப் பார்த்தால் விளிம்பில் ஒரு மின்னல். அயர்லாந்தின் ஜான் மெக்கியன் அதே நேரத்தில் எடுத்த வீடியோவிலும் அது பதிவாகியிருந்தது. இப்போது ஃபிரான்ஸின் மார்க் டெல்குவா எழுதிய 'டிடெக்ட்' என்ற மென்பொருள் இப்படிப்பட்ட மின்னல்களைத் தேடி வீடியோக்களை அலசுகிறது. படம் மோசமாக வந்த ராத்திரியின் வீடியோவையும் அதில் ஓடவிடச் சொல்கிறார்கள்.

ஏஐ வந்தால் என்ன ஆகும்?

2023 மார்ச்சில் ரெடிட் பயனர் ஒருவர் செய்த சோதனை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். நிலாவின் படத்தை வேண்டுமென்றே சிறிதாக்கி, கலக்கி, கம்ப்யூட்டர் திரையில் வைத்து, இருட்டு அறையில் சாம்சங் போனில் எடுத்தார். கலங்கிய மூலத்தில் இல்லாத பள்ளங்கள் போன் படத்தில் தெளிவாக வந்தன. நிலாவை அடையாளம் கண்டு விவரங்களை மேம்படுத்தும் ஏஐ உள்ளது என்று நிறுவனம் விளக்கம் கொடுத்தது.

நிலா விஷயத்தில் இதனால் பெரிய நஷ்டமில்லை. அதன் முகம் மாறாது, அங்கே பள்ளம் இருப்பதும் உண்மை. வியாழன் அப்படியில்லை. வாரத்துக்கு வாரம் மேகங்கள் மாறும். ஏராளமான கோள் படங்களைப் பார்த்துப் பயிற்சி பெற்ற மென்பொருளுக்கு "வியாழன் வழக்கமாக இப்படித்தான் இருக்கும்" என்று தெரியும். மங்கலான இடத்தை வழக்கத்தை வைத்து நிரப்பும். வேவ்லெட் ஸ்லைடர் போடும் பொய்யையாவது, வளையம், மணல், நடுப்பொட்டு என்று பழகிய கண் பிடித்துவிடும். ஏஐ போடும் பொய் பார்க்க அச்சு அசலாக வியாழன் மேகம் மாதிரியே இருக்கும். 2009-ல் வெஸ்லி பார்த்தது வழக்கத்தில் இல்லாத ஒன்று. வழக்கத்தை வைத்து நிரப்புகிற கருவி அதை என்ன செய்திருக்கும்?

எல்லா ஏஐ கருவியும் ஒரே ரகம் அல்ல, மணலை மட்டும் நீக்குபவையும் உண்டு. ஆனாலும் அறிவியலுக்குப் படம் அனுப்புவதாக இருந்தால் அதைப் பயன்படுத்தாமல் இருப்பது, குறைந்தபட்சம் பயன்படுத்தியதைச் சொல்லிவிடுவது நல்லது.

ஆசை வந்துவிட்டதா?

நம் ஊருக்கு ஒரு இயற்கைச் சலுகை இருக்கிறது. தமிழ்நாடு நடுக்கோட்டுக்குக் கிட்டே இருப்பதால் கோள்கள் பல ஆண்டுகளில் தலைக்கு மேலேயே வந்து போகும். தலைக்கு மேலே என்றால் குறைந்த அளவு காற்றைக் கடந்து ஒளி வருகிறது. லண்டனில் இருப்பவர் வானத்தின் ஓரத்தில் எட்டிப் பார்க்க வேண்டிய கோளை நீங்கள் அண்ணாந்து பார்க்கலாம். மொட்டை மாடியில் ஒரு சிக்கல்: பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் ராத்திரி அந்தச் சூட்டை வெளியே விடும், நமக்கென்றே தனியாக ஒரு தார் ரோடு. நள்ளிரவுக்கு மேல் பார்ப்பதோ, மண் தரையில் வைத்துப் பார்ப்பதோ நல்லது. டெலஸ்கோப்பையும் எடுத்தவுடன் பயன்படுத்தாமல் ஒரு மணி நேரம் வெளியே வைத்துக் குளிரவிடுங்கள்.

சின்ன டெலஸ்கோப்பும் போன் மாட்டும் அடாப்டரும் இருந்தாலே தொடங்கலாம். போட்டோ மோட் வேண்டாம், வீடியோ மோட். வெளிச்சத்தைக் கையால் குறையுங்கள், பட்டைகள் தெரியும்வரை. இரண்டு நிமிடம் எடுத்து ஆட்டோஸ்டாக்கர்ட்டில் போட்டால், டெலஸ்கோப்பில் கண் வைத்துப் பார்த்தபோது இரண்டு பட்டையாகத் தெரிந்த வியாழன் நாலைந்து பட்டையாகத் தெரியும். கானிமீடின் திட்டு போனில் வராது. வந்தால், மேலே சொன்ன அயோ சோதனையைச் செய்து பாருங்கள். மூல வீடியோவை மட்டும் அழித்துவிடாதீர்கள், ஹார்டு டிஸ்க் நிறைந்தாலும் பரவாயில்லை.